ஆஸ்திரேலியா போக நினைப்பவர் முதலில் சிங்கப்பூர் பிஆர் வாங்க வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 38. ஐந்து ஆண்டாகச் சிங்கப்பூரில் இ.பி. என்ற வேலை அனுமதி அட்டையில் மென்பொருள் வேலை. சம்பளம் மாதம் 9,000 சிங்கப்பூர் வெள்ளி. மனைவியும் ஒன்பது வயது மகனும் உங்களோடு இருக்கிறார்கள். கடைசியில் ஆஸ்திரேலியாவில் குடியேற வேண்டும் என்பது திட்டம். ஆனால் அலுவலக நண்பர்கள் எல்லோரும் "முதலில் இங்கே பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) வாங்கிப் போடு, அப்புறம் நிதானமாக ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம்" என்கிறார்கள். அது சரியா என்று கேட்கிறீர்கள்.

"முதலில்", "அப்புறம்" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் சிக்கல். இந்த இரண்டு விண்ணப்பமும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியவை அல்ல. ஆஸ்திரேலிய விண்ணப்ப வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். சிங்கப்பூர் பிஆர் வேண்டுமா என்பதை உங்கள் மகனை முன்னால் வைத்து முடிவு செய்யுங்கள். சேமநிதிப் பணமும் வீடும் அதற்குப் பிறகுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விவரமாக எழுதுகிறேன். நான் இதே பாதையில் தப்பான வரிசையில் நடந்தவன்.

ஒரு தவறான எண்ணத்தை முதலில் தள்ளிவிடலாம். சிங்கப்பூர் பிஆர் கையில் இருந்தால் ஆஸ்திரேலிய விண்ணப்பத்துக்குப் பலம் என்று பலர் நம்புகிறார்கள். ஆஸ்திரேலிய விசாவுக்கான புள்ளிப் பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது. வயது, ஆங்கிலம், படிப்பு, வேலை அனுபவம், துணையின் தகுதி, மாநில நியமனம் (ஒரு மாநில அரசு உங்களைப் பரிந்துரைப்பது) இவற்றுக்குத்தான் புள்ளி. சிங்கப்பூரில் எட்டு ஆண்டு வேலை பார்த்ததற்குப் புள்ளி உண்டு. அந்த எட்டு ஆண்டும் இ.பி.யில் இருந்தீர்களா பிஆராக இருந்தீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. கனடாவிலும் இதே கதைதான்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 33 முதல் 39 வயது வரை 25 புள்ளி. இளங்கலைப் பட்டத்துக்கு 15. ஆங்கிலத் தேர்வில் உயர்நிலை, அதாவது ஐஇஎல்டிஎஸ் என்றால் நான்கு பிரிவிலும் 8, எடுத்தால் 20. நாட்டுக்கு வெளியே எட்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் அனுபவம் இருந்தால் 15. மொத்தம் 75. மனைவிக்கும் தொழில் தகுதி மதிப்பீடு கிடைத்தால் இன்னும் 10. அது இல்லாமல் ஆங்கிலத் தேர்வு மட்டும் தேறினால் 5. மாநில நியமனம் கிடைத்தால் 5. எல்லாம் கூடி வந்தால் 90. குறைந்தபட்சம் 65 என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 65 என்பது வரிசையில் நிற்பதற்கான சீட்டு. மென்பொருள் துறையில் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு அதைவிட மிக உயரத்தில்தான் வருகிறது.

இப்போது அதே கணக்கை உங்கள் நாற்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள் போடுங்கள். வயதுக்கு 25 போய் 15 ஆகிவிடும். ஒரே இரவில் பத்துப் புள்ளி. 45 ஆனால் கதவே சாத்திவிடுவார்கள். இதில் பலர் கவனிக்காத விஷயம்: வயதைப் பார்ப்பது அந்த அழைப்புக்காக நீங்கள் விருப்ப மனு போட்ட நாளில் அல்ல, அழைப்பு வரும் நாளில். 39 வயதில் மனுவைப் போட்டுவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும்போது 40 ஆனால், புள்ளி தானாக இறங்கிவிடும். ஆக உங்கள் கையில் இருப்பது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அதற்குள் தொழில் தகுதி மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு, மனு, அழைப்பு எல்லாம் முடிய வேண்டும்.

இந்தப் பத்துப் புள்ளியின் விலை எனக்குத் தெரியும். 36 வயதில் நானும் "சிங்கப்பூர் பிஆர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று உட்கார்ந்தேன். முதல் விண்ணப்பம் பதினோரு மாதம் கழித்து நிராகரிக்கப்பட்டது. காரணம் சொல்ல மாட்டார்கள். ஒரு பத்திக் கடிதம் மட்டும்தான். ஒரு ஆண்டு விட்டு மறுபடியும் போட்டேன், கிடைத்தது. கிடைத்ததும் ஒரு மிதப்பு. இப்போதுதானே கிடைத்தது, இரண்டு ஆண்டு அனுபவிப்போமே என்று. ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிய அன்று எனக்கு வயது 40 ஆகி மூன்று வாரம். நேரடி நிரந்தர விசாவுக்குப் புள்ளி போதவில்லை. கடைசியில் 15 புள்ளி கூடுதலாகத் தரும் 491 என்ற வட்டாரத் தற்காலிக விசாவில் அடிலெய்டு போனேன். மூன்று ஆண்டு அந்த விசாவில் குப்பை கொட்டிய பிறகுதான் 191 என்ற நிரந்தர விசா வழியாக நிரந்தரம் ஆனது. அடிலெய்டு நல்ல ஊர், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று ஆண்டும் எந்த வட்டாரத்தில் வேலை தேடலாம் என்பதை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அதனால் சொல்கிறேன், காத்திருக்காதீர்கள். தகுதி மதிப்பீட்டுக்கான அனுபவக் கடிதங்களை இன்றே கேட்கத் தொடங்குங்கள். பழைய நிறுவனத்தில் கடிதம் வாங்குவதுதான் இந்த மொத்தப் பயணத்திலேயே எரிச்சலான வேலை. பதவி, தேதி, செய்த பணிகள், முழுநேரமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "இவர் நல்லவர், வல்லவர்" என்ற சான்றிதழ் செல்லாது. இன்னொன்று: கணினித் துறைக்கு மதிப்பீடு செய்யும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம் உங்கள் அனுபவத்தில் முதல் சில ஆண்டுகளைக் கழித்துவிடும். துறைக்குப் பொருந்திய பட்டம் இருந்தாலே சாதாரணமாக இரண்டு ஆண்டு போய்விடும், பொருந்தாத பட்டம் என்றால் இன்னும் கூட. எட்டு ஆண்டு அனுபவம் என்று நீங்கள் எண்ணுவது அவர்கள் கணக்கில் ஆறாகத்தான் நிற்கும். அனுபவத்துக்கான 15இல் ஐந்து புள்ளி இதில்தான் பலருக்கு நழுவுகிறது.

சரி, ஆஸ்திரேலிய வேலை ஓடட்டும். பக்கத்தில் சிங்கப்பூர் பிஆரும் போட்டு வைக்கலாமா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆளுக்கு 100 வெள்ளி விண்ணப்பக் கட்டணம், கிடைக்காவிட்டால் திரும்பி வராது. கிடைத்தால் நுழைவு அனுமதிக்கு 20, வெளிநாடு போய்த் திரும்ப உதவும் ஐந்தாண்டு மறுநுழைவு அனுமதிக்கு 50, பிஆருக்கான நீல அடையாள அட்டைக்கு 50. ஆஸ்திரேலிய விசாவுக்கு முதன்மை விண்ணப்பதாரர் மட்டுமே 4,900 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்போது இது டீச்செலவு. நிராகரித்தாலும் உங்கள் இ.பி.க்கு ஒன்றும் ஆகாது.

வரவு என்ன? முதல் வரவு சேமநிதி, நாம் எல்லோரும் சொல்வதுபோல் சிபிஎஃப். பிஆர் ஆனதும் நீங்களும் முதலாளியும் அதில் பணம் போட வேண்டும். முதல் ஆண்டு முதலாளி 4 சதவீதம், நீங்கள் 5. இரண்டாம் ஆண்டு 9, 15. மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதம்: 17, 20. 2026 ஜனவரி முதல் மாதச் சம்பளத்தில் 8,000 வெள்ளி வரைதான் இந்தக் கணக்குக்கு எடுப்பார்கள். உங்கள் 9,000இல் மேலே உள்ள 1,000 தப்பித்துவிடும்.

அப்படியானால் முதலாளி உங்களுக்காகப் போடுவது முதல் ஆண்டில் மாதம் 320 வெள்ளி, இரண்டாம் ஆண்டில் 720, மூன்றாம் ஆண்டில் 1,360. மூன்று ஆண்டில் கூட்டினால் 28,800 வெள்ளி. போனஸ் தனி. உங்கள் சொந்தப் பணம் அதே மூன்று ஆண்டில் 38,400 வெள்ளி அதற்குள் போய் உட்காரும். சாதாரணக் கணக்கில் 2.5 சதவீதமும், சிறப்புக் கணக்கிலும் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலும் 4 சதவீதமும் வட்டி. அந்த 28,800 என்பது இ.பி.யில் இருந்தால் உங்களுக்கு வராத பணம். முதலாளி தன் பங்கை உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது சட்டவிரோதம், அதனால் இது உண்மையான சம்பள உயர்வு.

பிஆரைத் துறந்து, இங்கே வசிக்கவோ வேலை பார்க்கவோ திரும்பி வரும் எண்ணம் இல்லாமல், சிங்கப்பூரையும் மேற்கு மலேசியாவையும் விட்டு ஒரேயடியாகக் கிளம்பினால் மூன்று கணக்கிலும் உள்ளதை முழுக்க எடுக்கலாம். 55 வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்கு மலேசியா எங்கே வந்தது என்று முதல்முறை படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. பாலத்தைத் தாண்டி ஜொகூரில் போய் உட்கார்ந்துகொண்டு பணத்தைக் கேட்கக்கூடாது என்பதற்காக. ஆனால் "திரும்ப மாட்டேன்" என்று கையெழுத்துப் போடுவது விளையாட்டல்ல. இரண்டு ஆண்டில் இ.பி.யில் திரும்பி வரலாம் என்ற எண்ணம் மனதில் இருந்தால் அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாம் ஆண்டில் கைக்கு வரும் சம்பளம் 9,000இலிருந்து 7,400 ஆகிவிடும். வாடகையும் கட்டி, ஊருக்கும் அனுப்பி, ஆஸ்திரேலியக் கட்டணங்களுக்கும் ஒதுக்குகிறவருக்கு அந்த 1,600 வெள்ளி மாதாமாதம் தெரியும். பணம் உங்களுடையதுதான், ஆனால் விமானம் ஏறும் நாள்வரை கையில் இல்லை. மெல்பர்னில் வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க வைத்திருக்கும் பணமாக அதை எண்ணுகிறீர்கள் என்றால், துறப்பு, விண்ணப்பம், பணம் வருவது என்று கொஞ்ச நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் வரி கட்டும் குடிவாசி ஆன பிறகு வெளிநாட்டு ஓய்வூதியப் பணத்தைத் தாமதமாக எடுத்தால் அங்கே வரிக் கேள்வி எழலாம். கிளம்புகிற காலத்திலேயே எடுத்து முடிப்பது நல்லது, ஒரு வரிக் கணக்காளரிடம் ஒருமுறை பேசுங்கள்.

இரண்டாவது வரவு, என் கணிப்பில் பணத்தைவிடப் பெரியது: வேலை போனால் என்ன ஆகும் என்பது. இ.பி. நிறுவனத்தோடு கட்டிப்போட்ட அட்டை. அது ரத்தானால் சாதாரணமாக 30 நாள் குறுகிய கால அனுமதி, அவ்வளவுதான். மகனின் பள்ளி, வீட்டு ஒப்பந்தம், மேசை நாற்காலி எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் கட்டி முடிக்க வேண்டும். ஆஸ்திரேலிய விசா நடுவில் தொங்கும்போது இது நடந்தால் விசா போகாது, ஆனால் நீங்கள் ஊருக்குத் திரும்பி வருமானம் இல்லாமல் காத்திருக்க வேண்டிவரும். 2023 செப்டம்பரிலிருந்து புது இ.பி.க்கும், 2024 செப்டம்பரிலிருந்து புதுப்பித்தலுக்கும் காம்பஸ் என்ற புள்ளி முறை வந்துவிட்டது. உங்கள் தகுதி மட்டுமல்ல, உங்கள் நிறுவனத்தில் எந்த நாட்டவர் எத்தனை பேர் என்பதும் அதில் சேர்ந்துவிட்டது. நீல அட்டை இருந்தால் இந்தப் பயம் இல்லை. இன்னொரு வேலை தேடிக்கொண்டு இங்கேயே இருக்கலாம்.

மூன்றாவதாக வீடு. இதை நண்பர்கள் பெரிதாகச் சொல்லியிருப்பார்கள். உங்கள் திட்டத்துக்கு இது வரவே அல்ல, பொறி.

பிஆர் குடும்பம் வீவக (அரசு அடுக்குமாடி) மறுவிற்பனை வீடு வாங்க, பிஆர் கிடைத்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். புது வீடு வாங்கவே முடியாது. வாங்கிய பிறகு ஐந்து ஆண்டு குறைந்தபட்சம் குடியிருந்தாக வேண்டும், அதற்கு முன் விற்க முடியாது. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பலாமே என்றால், அந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். பிஆர் அறையைத்தான் வாடகைக்கு விடலாம், தானும் அங்கே குடியிருந்துகொண்டு. மூன்றும் ஐந்தும் எட்டு. உங்களுக்கு 46, 47 வயது ஆகியிருக்கும். ஆஸ்திரேலியக் கதவு சாத்தி ஓர் ஆண்டாவது ஆகியிருக்கும்.

தனியார் வீடு என்றால் வெளிநாட்டவருக்கு 60 சதவீதக் கூடுதல் முத்திரை வரி, பிஆரின் முதல் வீட்டுக்கு 5 சதவீதம்தான். வித்தியாசம் மலைக்க வைக்கும். அதைப் பார்த்து ஆசைப்பட்டு, இரண்டு மூன்று ஆண்டில் கிளம்பப் போகிறவர் வாங்கினால், 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்பதற்கு விற்பவர் முத்திரை வரி இருக்கிறது. முதல் ஆண்டில் 16 சதவீதம், பிறகு 12, 8, 4 என்று இறங்கும். கிளம்பும் எண்ணம் உள்ளவர் வாடகை வீட்டிலேயே இருப்பது மேல்.

இப்போது மகன். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். உங்களுக்கு மகள் மட்டும் இருந்திருந்தால் "போட்டு வையுங்கள், 300 வெள்ளிதானே" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

தொழில்முறையாளராக முதன்மை விண்ணப்பம் போடும் உங்களுக்குத் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி, கிடையாது. உங்கள் வழியாகப் பிஆர் ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, 18 வயதில் சேர்க்கை, இரண்டு ஆண்டு முழுநேரம். அதற்குப் பிறகு சாதாரணப் படைவீரராக இருந்தால் 40 வயதுவரை பயிற்சிக்கு அழைக்கப்படலாம். இங்கேயே வாழப்போகும் குடும்பத்துக்கு இது ஒரு சாபம் அல்ல. பல பையன்கள் நன்றாக உருப்பட்டு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் இங்கே இருக்கப்போவதில்லை என்கிறீர்கள்.

"அவன் பதினாறு ஆவதற்குள் கிளம்பிவிடுவோமே, பிஆரைத் துறந்துவிட்டால் சரி" என்று உடனே தோன்றும். துறக்கலாம், யாரும் கையைப் பிடித்து நிறுத்த மாட்டார்கள். ஆனால் சேவை செய்யாமல் பிஆரைத் துறந்தவர் பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது அவருக்கு எதிராக எடைபோடப்படும். பெற்றோர் இங்கேயே பிஆராக இருந்தால் அவர்களது மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிப்பதையும் அது பாதிக்கலாம். ஒன்பது வயதுப் பையனுக்காக நீங்கள் இன்று போடும் கையெழுத்து, 24 வயதில் அவனுடைய நிறுவனம் சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்ப நினைக்கும்போது குறுக்கே வந்து நிற்கலாம். நம் தொழில்களில் சிங்கப்பூருக்கு வேலையாக வருவது ஒன்றும் அபூர்வம் இல்லையே.

இன்னொரு பக்கம், திட்டம் தள்ளிப்போவது. எல்லோருக்கும் தள்ளிப்போகிறது. இரண்டு ஆண்டு என்பது ஐந்தாகிறது, பையனுக்கு 14 ஆகிறது. 13 வயதுக்கு மேல் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி வேண்டும். பதினாறரை வயதுக்கு முன் இரண்டு ஆண்டுக்கு மேல் போவதாக இருந்தால் பிணையத் தொகையும் கேட்கப்படலாம்: 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. "இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போகிறீர்கள்.

மகனை மட்டும் சேர்க்காமல் நீங்களும் மனைவியும் விண்ணப்பிக்கலாமா என்றால், விதிப்படி முடியும். ஆனால் நீங்கள் பிஆர் ஆன அன்றே இ.பி. போய்விடும்; அதோடு ஒட்டியிருந்த அவனது சார்ந்திருப்போர் அட்டையும் போய்விடும். அவனுக்கு நீண்டகால வருகை அனுமதியோ மாணவர் அனுமதியோ தனியாக எடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்றால் கட்டணத்தில் பிஆர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சலுகை அவனுக்குக் கிடையாது. மகனை வெளியே வைத்த விண்ணப்பத்தைக் குடிநுழைவு ஆணையம் எப்படிப் பார்க்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வேரூன்றும் எண்ணம் உள்ள குடும்பமா என்பதை எடைபோடுகிறவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் வேறு என்ன?

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால், இப்போது சிங்கப்பூர் பிஆருக்குப் போட மாட்டேன். முதலாளி தரும் 28,800 வெள்ளியும் வேலை போகும் பயம் இல்லாத தூக்கமும் நல்லவைதான். ஆனால் விண்ணப்பம் முடிவாகவே ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம், முதல் இரண்டு ஆண்டில் முதலாளி பங்கு குறைவு. ஆஸ்திரேலியா சீக்கிரம் வந்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சப்போவது அநேகமாக ஐந்தாயிரமோ பத்தாயிரமோ. அதற்காகப் பையன் பேரில் ஒரு பதிவை எழுதி வைக்க எனக்கு மனம் வராது. என் இரண்டு பிள்ளைகளும் பெண்கள், அதனால் எனக்கு இந்தக் கேள்வியே எழவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எந்த நிலையில் என் பதில் மாறும்? ஆஸ்திரேலியப் புள்ளி 75ஐத் தாண்டாது, மனைவிக்கு மதிப்பீடு கிடைக்காது, மாநிலங்களின் பட்டியலிலும் உங்கள் தொழில் இல்லை என்று தெரிந்துவிட்டால், நீங்கள் ஆஸ்திரேலியா போகப்போகிறவர் இல்லை, சிங்கப்பூரில் இருக்கப்போகிறவர். அப்போது மகனோடு உட்கார்ந்து பேசி, குடும்பமாகவே விண்ணப்பியுங்கள். தேசிய சேவையோடு சேர்த்து ஏற்றுக்கொள்வதாக இருந்தால் அது நல்ல வாழ்க்கை. இரண்டு ஆண்டு பிஆராக இருந்த பிறகு குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதனால் இந்தியக் கடவுச்சீட்டை விட வேண்டும். இந்தத் தீர்ப்பு வர உங்களுக்கு ஆறேழு மாதம் போதும். தகுதி மதிப்பீடும் ஆங்கிலத் தேர்வும் முடிந்தால் கையில் எண் இருக்கும்.

இரண்டு பிஆரையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சட்டம் தடுக்கவில்லை. நடைமுறைதான் தடுக்கும். ஆஸ்திரேலிய நிரந்தர விசாவில் போய்வரும் உரிமை ஐந்து ஆண்டுக்கு. அதற்குப் பிறகு திரும்பி நுழையும் விசாவைச் சிரமமில்லாமல் வாங்க, கடந்த ஐந்தில் இரண்டு ஆண்டு அங்கே இருந்திருக்க வேண்டும். அதனால் விசா கிடைத்ததும் ஒருமுறை போய் நுழைந்துவிட்டு, சிங்கப்பூர் வேலையில் இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு இருந்து பணம் சேர்த்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. இதற்குச் சிங்கப்பூர் பிஆர் தேவையில்லை, இ.பி.யே போதும். நுழைய வேண்டிய கடைசித் தேதியை மட்டும் விசாக் கடிதத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். சிங்கப்பூர்ப் பக்கம் இத்தனை நாள் இருந்தால் போதும் என்ற எண்ணிக்கை எதுவும் இல்லை. மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்கும்போது இங்கே வேலை, வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மெல்பர்னில் சம்பளம் வாங்கிக்கொண்டு நீல அட்டையைப் பல ஆண்டு காப்பாற்றிய யாரையும் நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, "இல்லை, போட்டுத்தான் பார்ப்போம்" என்று முடிவு செய்தால் ஒன்றை மறக்காதீர்கள். ஆஸ்திரேலியப் படிவங்களில், எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசாவோ தங்கும் அனுமதியோ மறுக்கப்பட்டதா என்று கேட்பார்கள். சிங்கப்பூர் பிஆர் நிராகரிக்கப்பட்டிருந்தால் "ஆம்" என்று எழுதி, தேதியும் போட்டு, அந்த ஒரு பத்திக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் "அது விசா இல்லையே" என்று "இல்லை" போட்டுவிட்டார். பிறகு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்து, நான்கு மாதம் தூக்கமில்லாமல் திரிந்தார்.